எடை குறைக்கும் அறுவையும் மூட்டுவலி மாத்திரையும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து அனைவரும் எழுந்தபோது, தரையிலிருந்து எழ இயலாமல் ஓர் அம்மையார் தூணைப் பற்றிக்கொண்டு நின்றார். அருகிலிருந்த மற்றோர் அம்மையார், “எத்தனை நாள்தான் இப்படித் துன்பப்படுவீர்கள்? இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். எடையும் போகும், முழங்கால் வலியும் போகும்” என்று அறிவுரை கூறினார். அன்புடன் சொன்ன சொல்தான். ஆனால் அது பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாமல் என் குடும்பத்தில் ஒரு தவறு நிகழவிருந்தது; அத்தவற்றில் என் கையெழுத்தும் இருந்தது. ஆகவே இம்மாதம் அதனைப் பற்றியே எழுதலானேன்.

என் தமக்கையார் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெருக்கள் தள்ளி வாழ்கிறார். வயது 46. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துத் தொழில் செய்பவர். உயரம் 155 சென்டிமீட்டர். அப்போது எடை 86 கிலோ. ஒன்பது ஆண்டுகளாக இரு முழங்கால்களிலும் வலி. மாடிப்படி ஏறுவதற்கு அஞ்சி, மொட்டைமாடியில் துணி உலர்த்துவதையே விட்டுவிட்டார். ஒரு விளம்பரத்தைப் படித்துவிட்டு, எடை குறைக்கும் அறுவை செய்துகொள்வதென்று முடிவு செய்தார். நானும் உடன் சென்றேன். மருத்துவமனையில் கொடுத்த படிவத்தை நிரப்புவது என் வேலையாயிற்று. படிவம் நிரப்புவதில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தயக்கம்? “தற்போது உட்கொள்ளும் மருந்துகள்” என்ற இடம் வந்ததும் அவரைக் கேட்டேன். “ஒன்றுமில்லை” என்றார். நானும் “இல்லை” என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நிகழும் சோதனையில் ஒரு மூத்த டாக்டர் வேறு விதமாகக் கேட்டார்: “வலி வந்தால் என்ன செய்வீர்கள்?” தமக்கையார் சற்றும் தயங்காமல், “தினமும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாத்திரை போடுவேன்” என்றார். அவர் கைப்பையிலிருந்தே அட்டை வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளாக, சீட்டு எதுவுமின்றி, மருந்துக் கடையில் வாங்கியவை. “ஏன் அக்கா, மருந்து ஒன்றுமில்லை என்றீர்களே?” என்று நான் கேட்டேன். “வலி மாத்திரை மருந்தா தம்பி? காப்பி குடிப்பதைப் போல அதுவும் ஒன்று” என்றார். டாக்டர் அறுவையைத் தள்ளிவைத்தார். அவர் சொன்ன காரணத்தை எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

காரணம் விளங்க, அறுவை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இது புதிய கலையன்று. 1966-இல் அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். இன்று நாம் மிகுதியாகக் கேள்விப்படும் முறைகள் இரண்டு. முதலாவது, இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற குழலாக ஆக்குவது. இரண்டாவது பைபாஸ், இரைப்பையின் உச்சியில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை அமைத்து, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைப்பது. இரண்டிலும் பசி குறைகிறது, உண்ணும் அளவு சுருங்குகிறது, எடை இறங்குகிறது.

இனி மாத்திரைக்கு வருவோம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் ஆகியன ஓர் இனத்தவை. இவை வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சுரப்பையும் உடன் குறைத்துவிடும். பைபாஸில் இரைப்பையும் சிறுகுடலும் சேரும் இணைப்பு மிகவும் மென்மையான இடம். சிறுகுடலின் சுவர் அமிலத்தைத் தாங்கிப் பழகியதன்று. அங்கே இம்மாத்திரையும் சேர்ந்தால் புண் உண்டாகும். புண் முற்றினால் குருதி கசியும். சில வேளை துளையே விழுந்து உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே பைபாஸ் செய்துகொண்டவர்கள் வாழ்நாள் முழுவதும் இவ்வின மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஊசியாகப் போட்டுக்கொண்டால் இரைப்பைக்குத் தீங்கில்லை என்று எண்ணுவதும் பிழை. குருதியின் வழியாகச் சென்று அது அதே வேலையைத்தான் செய்யும். குழலாக்கும் முறையில் இக்கட்டுப்பாடு இத்துணைக் கடுமையன்று. ஆயினும் அங்கும் எச்சரிக்கை வேண்டும். அன்றியும் நெஞ்செரிச்சல் உள்ளவர்க்கு அம்முறையால் அது மிகுதல் உண்டு.

பாரசிட்டமால் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அறுவைக்குப் பின்னும் டாக்டர் சொன்ன அளவில் அதனைக் கொள்ளலாம். அளவை மீறினால் கல்லீரல் கெடும். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்தல் வேண்டும். நம் கடைகளில் விற்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலும் அசெக்ளோஃபெனாக்கும், அல்லது பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்தே இருக்கின்றன. அட்டையின் மேற்புறத்துப் பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை. பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்தல் வேண்டும். கண்ணாடி இல்லாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம்.

என் தமக்கையார் நிலையை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலி தீர வேண்டுமென்று அறுவைக்குச் செல்கிறார். எடை இறங்க மாதங்கள் பல ஆகும். அந்த மாதங்களில் வலி இருந்துகொண்டேயிருக்கும். ஐந்து ஆண்டுகளாக வலியைத் தாங்கவைத்த மாத்திரையோ விலக்கப்பட்டதாகிவிடும். அதை அறியாமல் அவர் பழக்கப்படி விழுங்கியிருந்தால்? நான் எழுதிய “இல்லை” என்ற மூன்றெழுத்து என்ன விலை கேட்டிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் உறக்கம் வருவதில்லை.

இதனால் அறுவையே தீது என்று நான் கூறவில்லை. எடைக்கும் முழங்காலுக்கும் உள்ள உறவு உண்மையானது. 2005-இல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் மேல் விழும் சுமை 4 கிலோ குறைகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முழங்கால் மாற்று அறுவைக்குக் காத்திருந்த 41 பேரை முதலில் எடை குறைக்கும் அறுவைக்கு ஒதுக்கினார்கள். அவர்களுள் 12 பேர் வலி தணிந்துவிட்டதால் முழங்கால் அறுவையே வேண்டாம் என்றனர். 12 பேருக்கு நன்மை என்பது சிறிதன்று. எல்லாருக்கும் அவ்வாறே ஆகும் என்பதும் இல்லை. முதுகெலும்பில் நரம்பு நசுங்கிய வலி, முடக்குவாதம், உடலெங்கும் பரவும் தசைவலி ஆகியவை எடை இறங்கினால் மட்டும் தீர்ந்துவிடா. ஆகலின் வலியின் மூலம் எது என்பதை முதலில் தெரிந்துகொள்வதே முறை.

அச்சுறுத்தும் செய்திகளும் நம் காதில் விழுந்திருக்கும். 2022 மே மாதம் நம் பெங்களூரிலேயே ஓர் இளம் கன்னட நடிகை கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் இறந்தார். அது தோலின் கீழுள்ள கொழுப்பை அகற்றும் அழகுச் சிகிச்சை. நாம் பேசும் அறுவை அன்று. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடை குறைக்கும் அறுவைக்குச் சென்று உயிரிழந்தார். தேர்ந்த மருத்துவமனைகளில் இவ்வறுவையால் நேரும் மரணம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவினதே. ஆயினும் அந்த ஒருவரும் ஒரு தாயின் பிள்ளை அன்றோ? தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இவ்வறுவையில் மருத்துவருக்குள்ள பயிற்சி எத்தகையது என்பவற்றைக் கேட்டறிவதில் கூச்சம் வேண்டா.

செலவைப் பற்றியும் ஒரு சொல். உடல் எடைக் குறியீடு என்பது, கிலோ கணக்கில் எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்து வருவது. என் தமக்கையாருக்கு அது 35.8. 2022-இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கத்தார் வகுத்த நெறிப்படி 35-க்கு மேற்பட்டோர்க்கு அறுவை தக்கதே. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அதனை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் காப்பீட்டுக் கணக்கு வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி குறியீடு 40 இருத்தல் வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து, எளிய முறைகள் பலிக்காமல், அடங்காத சர்க்கரை நோய், இதயத் தமனி நோய், உடற்பருமனால் வந்த இதயத்தசை நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். முழங்கால் வலி அப்பட்டியலில் இல்லை. இதனை அறியாமல் நகையை அடகு வைத்துவிட்டுப் பின்னர் பாலிசியைத் தேடுவது நம்மவர் வழக்கம். முதலில் பாலிசியைப் படியுங்கள்.

உணவுக்கு வருவோம். அறுவை ஒரு நாளில் முடியும். உணவுக் கட்டுப்பாடு ஆயுள் முழுவதும் தொடரும். அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், மோர் போன்றவை, பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று சில வாரங்கள் படிப்படியாக ஏற வேண்டும். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. அரைமணி இடைவெளி வேண்டும். பைபாஸ் செய்தவர் லட்டு, ஜிலேபி உண்டால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வருதல் உண்டு. இரும்பு, கால்சியம், பி12, டி ஆகிய சத்து மாத்திரைகளை என்றும் விடலாகாது. நாள் ஒன்றுக்குப் புரதம் 60 கிராமேனும் வேண்டும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் மீன் 20 கிராம், 400 மில்லி பால் அல்லது தயிர் 13 கிராம், 50 கிராம் பருப்பு 11 கிராம்; எல்லாம் சேர்ந்தே 56 தான் ஆகிறது. சோற்றையும் ரசத்தையும் மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் இக்கணக்கு எளிதில் நிறையாது. அறுவைக்கு முன்பே இவ்வாறு உண்டு பழக இயலுமா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

தமக்கையார் அச்சோதனையை மேற்கொண்டார். டாக்டரின் மேற்பார்வையில் பழைய மாத்திரையை விட்டார். பாரசிட்டமாலும் பூசும் களிம்பும் வெந்நீர் ஒத்தடமும் அவற்றின் இடத்தைப் பெற்றன. தரையில் அமர்ந்து காய் நறுக்குவதை நிறுத்தி நாற்காலிக்கு மாறினார். நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கும் பயிற்சியை, காலை மாலை பத்து முறை செய்கிறார். தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்குத் துணை. விடியற்காலையில் நந்தன் மைதானத்துப் பக்கம் மெதுவாக நடக்கிறார். உணவில் மாலை நேரத்துப் பஜ்ஜியும், நான்கு வேளைக் காப்பியின் சர்க்கரையும் முதலில் போயின. ராகிக் களி மெலிய வைக்கும் என்று சொல்லி மூன்று உருண்டை உண்டுவந்தவர், இப்போது கைப்பிடி அளவு ஓர் உருண்டையும், அதனினும் மிகுதியாகக் கொள்ளும் கீரையும் உண்கிறார். தானியம் எதுவாயினும் அளவு மிஞ்சினால் எடைதான்.

பத்து மாதங்களில் 86 கிலோ 79 ஆயிற்று. ஏழு கிலோ பெரிதா என்று கேட்கலாம். முழங்காலின் கணக்கில் அது அடிக்கு 28 கிலோ. வலி முற்றும் தீரவில்லை. ஆயினும் மொட்டைமாடியில் மீண்டும் துணி உலர்த்துகிறார். இனி மேலும் குறையாவிட்டால் அறுவையைப் பற்றி மறுபடியும் யோசிப்போம் என்கிறார். 2025-இல் நம் நாட்டுக்கு வந்துள்ள எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். முடிவு அவருடையது. எதை முடிவு செய்தாலும், இம்முறை எல்லாம் அறிந்தே செய்வார்.

நேயர்களே, நாம் பிழைப்பைத் தேடி இவ்வூருக்கு வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் மக்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்கும் கேள்விக்குத் தமிழில் எண்ணி விடை கூறுகிறோம். பெரும்பாலும் நம் பெண்டிருக்காக நாமே கூறிவிடுகிறோம். வழியில் நழுவிப்போவன இத்தகைய செய்திகளே. ஆகவே ஒரு வேண்டுகோள். அறுவைக்காக எந்த டாக்டரிடம் சென்றாலும், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், தைலம், நாட்டு மருந்துப் பொடி அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். “அறுவைக்குப் பின் எனக்கு வலி வந்தால் எதை உட்கொள்ளலாம், எதை உட்கொள்ளக் கூடாது? எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். விடை தெளிவாக வரும்வரை எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டா. படிவம் நிரப்புவதே தொழிலாகக் கொண்ட ஒருவன் பட்டறிந்து சொல்வது இது.