மன்னார்க் கடலடிக்கு ஒரு வெளிச்சக் கணக்கு வேண்டும்

மன்னார்க் கடலைப் பற்றிய வாதங்களில் எண்களுக்குப் பஞ்சமில்லை. அறுந்துபோன வலைகள், தொழிலுக்குப் போக முடியாத இரவுகள், பிடிபட்ட படகுகள், சிறையில் இருக்கும் மீனவர்கள் என்று இரு கரையிலும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்குகள் எதிலும் கடலடி இல்லை. இழுவைமடித் தொழிலை இயன்ற விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதென்று 2016 நவம்பரில் இந்தியாவும் இலங்கையும் இணங்கின. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் அதைச் சட்டத்தாலேயே தடை செய்தது. அடியை வாரி நிலத்தைக் கெடுக்கிறது என்பதுதான் அந்தத் தொழிலுக்கு எதிரான முதல் நியாயம். ஆனால் மன்னார்த் தீவில் பேசாலைக்கு வடக்கே உள்ள கடற்புல் படுகை போன வருடத்தைவிட இந்த வருடம் எவ்வளவு மெலிந்திருக்கிறது, எங்கே தேறி வருகிறது என்று கேட்டால், பேச்சுவார்த்தை மேசையில் யாராலும் ஓர் எண்ணை எடுத்து வைக்க முடிவதில்லை. பதிலை அந்தப் புல்லின் இலையிலிருந்தே பெறலாம். அதற்கான விஞ்ஞானம் பழையது, கருவி கையடக்கமானது. அதை மன்னாரில் நிரந்தரமாக இறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இலை உள்வாங்கும் வெளிச்சத்துக்கு மூன்று போக்கிடங்கள் உண்டு. ஒரு பங்கு ஒளித்தொகுப்பில் செலவாகி உணவாகிறது. இன்னொரு பங்கு வெப்பமாகக் கழிகிறது. நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவிலான சிறு பங்கு செந்நிற ஒளியாகப் பச்சையத்திலிருந்து திரும்பி வருகிறது. ஏதாவதொரு கீரையை ஸ்பிரிட்டில் கசக்கி வடித்து, இருட்டறையில் நீல டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்தால் பச்சைச் சாறு சிவப்பாய் ஒளிர்வதைப் பாடசாலைப் பிள்ளைகளும் காணலாம். உயிருள்ள இலையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் வெளிச்சத்தின் பெரும்பகுதிக்கு அங்கே வேலை இருக்கிறது. 1931இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கவுட்ஸ்கி என்பவர், இருட்டில் வைத்திருந்த இலைமீது திடீரென வெளிச்சம் பாய்ச்சினால் இந்தச் செவ்வொளி சட்டென்று ஏறி, ஒளித்தொகுப்பு சூடுபிடிக்கச் சில நிமிடங்களில் தணிந்துவிடுவதைத் தன் உதவியாளரோடு கண்டு எழுதினார். மூன்று பங்குகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், வெளியே கசியும் ஒளிர்வை அளந்தால் உள்ளே நடக்கும் ஒளி இரசாயனத்தின் நிலை தெரியும். 1980களில் உல்ரிச் ஷ்ரைபரும் அவருடைய குழுவினரும், அளக்கும் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, நடுப்பகல் வெயிலிலும் இந்த ஒளிர்வைப் பிரித்தெடுக்கும் வழியைச் செய்துகாட்டினார்கள். நீருக்கடியில் கொண்டு செல்லக்கூடிய கருவி அடுத்து வந்தது. முக்குளிப்பவர் கடற்புல் இலையில் சிறு கவ்வியை மாட்டுகிறார். அதன் மூடி சில நிமிடங்கள் இலைக்கு இருட்டைத் தருகிறது. பிறகு மிக மெல்லிய ஒளியில் ஒரு வாசிப்பு, ஒரு வினாடிகூட நீடிக்காத பலத்த ஒளித்துடிப்பில் இன்னொரு வாசிப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய வாசிப்பால் வகுத்தால், நல்ல நிலையில் உள்ள கடற்புல்லில் 0.7க்கும் 0.8க்கும் இடைப்பட்ட எண் வரும். இலையை அறுக்கவோ ஆய்வுகூடத்துக்கு அனுப்பவோ தேவையில்லை.

விபரம் தெரிந்தவர்கள் இங்கேயே ஓர் ஆட்சேபத்தை எழுப்புவார்கள், அது நியாயமானதும்கூட. கலங்கிய நீரில் நிழல்பட்டு நலியும் கடற்புல் இந்த எண்ணைப் பெரிதாக இழப்பதில்லை. நிழலுக்குப் பழகிக்கொண்டு 0.75ஐக் காட்டிக்கொண்டே படுகை மெலிந்துபோகக்கூடும். ஆகவே அந்த ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஏமாறுவோம். ஆனால் அதே கருவி, வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி ஓர் ஒளிவளையியையும் வரைந்து தரும். எந்த அளவு வெளிச்சத்தோடு இலைக்குப் போதுமென்று ஆகிறது என்பதை அந்த வளையி காட்டுகிறது. மங்கிய நீரில் இருந்த இலைக்குச் சீக்கிரமே போதும் என்றாகிவிடும். தெளிந்த நீரில் இருந்தது இன்னும் கேட்கும். அதாவது கடந்த நாட்களில் தனக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்பதை இலை தன் இயக்கத்திலேயே பதிந்து வைத்திருக்கிறது. தண்டுகள் குறையத் தொடங்க வாரங்களும் மாதங்களும் செல்லும், வளையியோ சில நாட்களில் மாறிவிடுகிறது. கண்ணால் காணும் அழிவுக்கு முந்திய இந்த இடைவெளியில்தான் எதையாவது நிறுத்தவோ திருத்தவோ முடியும். பக்கத்திலேயே நிலத்தில் ஒரு வெளிச்சமானியையும் ஊன்றி, ஆண்டுக்கு இருமுறை சதுரச் சட்டம் வைத்துத் தண்டுகளையும் எண்ணினால் ஆட்சேபத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அந்த இடைவெளி நீளமானதல்ல. கடற்புல் இனங்களுக்குச் சராசரியாக நீர்ப்பரப்பில் விழும் வெளிச்சத்தில் பதினொரு சதவீதமாவது தேவை. மிதந்து திரியும் தாவரப் பிளாந்தன்களோ ஒரு சதவீதத்திலும் காலம் தள்ளிவிடும். கடற்பசு எனப்படும் ஆவுளியா விரும்பி மேயும் ஹலோபிலா என்ற சிறிய இலைக் கடற்புல்லுக்குக் கிழங்கில் சேமிப்பு மிகக் குறைவு. முழு இருட்டில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் செத்துவிடும் என்று அவுஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குவீன்ஸ்லாந்தின் ஹார்வே விரிகுடாவில் 1992இல் வெள்ளங்களும் சூறாவளியும் கொண்டுவந்த சேற்றில் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர் கடற்புல் அழிந்தது. அங்கே மேய்ந்த ஆவுளியாக்கள் பட்டினியில் இறந்தன, மிஞ்சியவை வேறு கடல் தேடிப் போயின. மன்னாரில் எஞ்சியிருப்பவை எத்தனை என்று அடித்துச் சொல்வது கடினம், ஆனால் இன்னொரு ஹார்வே விரிகுடாவைத் தாங்கும் எண்ணிக்கை இங்கே இல்லை. ஓராவும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பதும் இதே புல்லில்தான் என்பதால், இது ஒரு விலங்கின் விவகாரத்தோடு நிற்பதுமில்லை.

செய்மதி இருக்கும்போது ஆளை ஏன் கடலுக்குள் இறக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. 2002இல் ஏவப்பட்ட அக்குவா போன்ற செய்மதிகள் கடல்மேற்பரப்பின் பச்சைய ஒளிர்வை வானிலிருந்தே அளப்பது உண்மை. ஆழ்கடலில் அது அருமையான வேலை. பாக்கு விரிகுடா போன்ற ஆழமற்ற கடலில் நிலைமை வேறு. மணலும் சேறும் அடியிலிருந்து எதிரொளிக்கின்றன. செவ்வொளியை நீர் சில மீற்றருக்குள் விழுங்கிவிடுவதால், அடியில் நிற்கும் புல்லின் ஒளிர்வு மேலே வந்து சேர்வதில்லை. படுகைகளின் எல்லையை வரைய செய்மதி உதவும், இலையின் நிலையைக் கேட்க இலைக்குத்தான் போக வேண்டும். முருகைக்கற்களுக்கும் இது பொருந்தும். கற்பிட்டியின் பார் ரீஃப் 2016இல் வெளிறியபோது, வெண்மை கண்ணில் பட்ட வேளையில் காரியம் கைமீறியிருந்தது. முருகைக்குள் வாழும் அல்காக்களின் ஒளிர்வு எண்ணோ நிறம் மங்குவதற்கு முன்பே விழத் தொடங்கும். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்து முருகைத் திட்டுகளுக்கும் அந்த முன்னறிவிப்பு கிடைக்க வேண்டும்.

மன்னாருக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மற்ற மாதங்களில் திங்கள், புதன், சனி இரவுகளில் இழுவைமடிப் படகுகளான றோலர்கள் வரும் என்பது வடகரையில் எல்லோருக்கும் தெரிந்த நேரசூசி. எந்த ஆய்வாளரும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்ய முடியாத பரிசோதனை இது. இழுவை நடக்கும் மாதங்களிலும் அது நின்றிருக்கும் அந்த இரண்டு மாதங்களிலும் ஒரே படுகையில் வெளிச்சத்தையும் ஒளிவளையியையும் அளந்தால், சேறு கிளம்புவதன் விலை எவ்வளவு என்பது தாளில் வந்துவிடும். காற்று இதில் குழப்பம் செய்யும், அது உண்மை. தடைக்காலத்தின் பிற்பகுதியில் சோழகம் எழுந்து தீவின் தென்கரையைக் கலக்குகிறது, மார்கழி, தையில் வாடை வடகரையைக் கலக்குகிறது. மாரியில் அருவி ஆறு அரிப்புக்கு அருகே செந்நீரைக் கொட்டுகிறது. அதனால்தான் ஒரே வருட அளவீடு போதாது, ஒரே கரையும் போதாது. வடகரையில் இரண்டு இடம், தென்கரையில் இரண்டு இடம், இழுவை எட்டாத ஆழமற்ற இடம் ஒன்று என வைத்துச் சில வருடங்கள் தொடர்ந்தால், காற்றின் பங்கையும் மடியின் பங்கையும் பிரித்துவிடலாம்.

கடற்றொழிலாளருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், படித்தவர்கள் வந்து அளந்து சொல்ல வேண்டுமா என்ற குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களுக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் கடலின் விஞ்ஞானமே அவர்கள் அறிவின் மேல்தான் எழுந்தது. முத்துக்குளிப்பு ஆண்டுக்கணக்காகப் பொய்த்தபோது, 1902இல் பிரித்தானிய ஆட்சி லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை வரவழைத்தது. அவரும் ஜேம்ஸ் ஹோர்னெல்லும் செய்த ஆய்வை இலண்டன் ரோயல் சொசைட்டி 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அந்த அறிக்கையில் வரும் முத்துப் படுகைகளின் பெயர்களான பெரிய பார், செவல் பார் எல்லாம் நம்மவர்கள் வைத்த பெயர்கள். பெரிய பாரில் கொத்துக் கொத்தாய்த் தோன்றும் இளஞ்சிப்பிகளைத் தென்மேல் காற்றுக் கடல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பதை ஹேர்ட்மனும் ஹோர்னெல்லும் ஆவணமாக்கினார்கள். வருமானம் இருந்த வரைக்கும் உலகிலேயே மிக நெருக்கமாக ஆராயப்பட்ட கடல்களில் ஒன்றாக இருந்தது இது. ஆனால் தொழிலாளியின் சொல் நீதிமன்றத்திலும் இராஜதந்திர மேசையிலும் ஒரு தரப்பின் முறைப்பாடாகவே எடுபடுகிறது. அதே உண்மை அளவீடாக வரும்போது தட்டிக்கழிப்பது கடினம். அந்த அளவீடு உள்ளூரில் பிழை நடந்தால் அதையும் காட்டும். புல்லை மூடும் கடலட்டைப் பண்ணைக் கூடுகள், ஆற்றோடு வரும் வயல் உரம், ஒளித்தொகுப்பையே தடுக்கும் வகைக் களைகொல்லிகள் எதற்கும் விலக்கு இராது. அதை ஏற்கும் நேர்மை நமக்கு இருக்க வேண்டும்.

பணம்? ஒளிர்வுமானி ஒன்றின் விலை அரச திணைக்களம் வாங்கும் டபுள் கப் வாகனத்தின் விலையைத் தாண்டாது. 1981 முதல் இயங்கும் நீரியல்வள ஆய்வு நிறுவனமான நாரா இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் துறை இருக்கிறது. நீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும், 2010, 2016 முருகை வெளிறல்களைப் பதிவுசெய்த தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் நிறுவனமும் உள்ளன. ஒரே முறையில் இரு கரையிலும் அளந்தால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் தினமாக்கும்படி ஐக்கிய நாடுகள் சபையில் தீர்மானம் கொண்டுவந்து 2022இல் நிறைவேற்றியது இலங்கைதான். அதே நாடு 2024இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புப் பூங்காவுக்காக விடுவிக்க முயன்றது. நீதிமன்றம் தலையிட்டதால்தான் அது நின்றது. இப்படி ஒரு முன்மொழிவு இனியும் வரும். அப்போது அந்தப் படுகைகள் முன்பு எப்படி இருந்தன என்பதைச் சொல்ல, குறைந்தது இரண்டு சோழகமும் இரண்டு மாரியும் கண்ட கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஏப்ரல் 15க்கு முந்திய நிலை பதிவாக வேண்டுமென்றால், வாடை தணிந்த கையோடு, பங்குனி முடிவதற்குள் மானிகள் நீரில் இறங்கியாக வேண்டும்.