கையா, பையா?

சில வாரங்களுக்கு முன், பாகான் நக்கோடா ஓமாருக்கு அடுத்த தோட்டமொன்றில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளைக் கண்டித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். அவ்விளையாட்டுகள் தமிழ்ப் பிள்ளைகளைக் கொலைகாரராக்குகின்றனவாம். ஆதலால் ஒன்றுவிடாமல் ஒழிக்க வேண்டுமாம். அவற்றுள் எதையேனும் ஒருமுறையாவது ஆடிப் பார்த்ததுண்டா என்று நாம் கேட்டோம். “சாக்கடை நாறும் என்று அறிய அதில் இறங்க வேண்டுமோ?” என்றார். சபை சிரித்தது; நாமும் சிரித்தோம். ஆனால் நாம் அந்தச் சாக்கடையில் முப்பதாண்டுகளாக இறங்கிக் கிடப்பவர். எங்கே நாறுகிறது, எங்கே தெளிந்த நீரோடுகிறது என்பதைக் கரையில் நிற்பவரைவிடச் சற்று அதிகமாகவே அறிவோம். ஆகவே நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடத் துணிந்தோம்.

முதலில் கொலைக் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். படத்தில் சுட்டவன் நிஜத்திலும் சுடுவான் என்பது உண்மையானால், தெருக்கூத்தில் துரியோதனன் தொடை பிளப்பதை விடிய விடியப் பார்த்த நம் பாட்டனார் எல்லாரும் கதாயுதத்தோடு அலைந்திருக்க வேண்டும். கலிபோர்னியா மாநிலத்தார், சிறுவருக்கு வன்முறை விளையாட்டு விற்பதைத் தடுக்க ஒரு சட்டம் செய்தனர். 2011ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளிற்று. காட்டப்பட்ட ஆராய்ச்சிகள், விளையாட்டே வன்செயலுக்குக் காரணம் என்பதை மெய்ப்பிக்கவில்லை என்றும் கூறிற்று. இதனால் ஆறு வயதுக் குழந்தையின் கையில் ரத்தம் தெறிக்கும் ஆட்டத்தைக் கொடுக்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கொடுக்கக் கூடாது. ஆனால் பெரியவர் விரலை நீட்டிய இடத்தில் திருடன் இல்லை. திருடன் வேறிடத்தில் நிற்கிறான்.

நாம் முதலில் ஆடியது ‘கோந்த்ரா’. ஜப்பானியக் கொனாமி கம்பெனியார் 1987இல் வெளியிட்டது. மைக்ரோ ஜீனியஸ் பெட்டியைத் தொலைக்காட்சியில் பொருத்தி, லயத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் சூழ்ந்திருக்க, இருவர் ஆடுவோம். மூன்றே உயிர், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும். அருவி மலை ஏறும் கட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால், கீழே பின்தங்கிய கூட்டாளி திரைக்கு அடியில் விழுந்து மாள்வான். கூட்டாளிக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை எந்த நீதிநூலும் நமக்கு அவ்வளவு சுருக்கமாகக் கற்பிக்கவில்லை. அதில் ஒரு கள்ள வழியும் உண்டு. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம் என்று தொடங்கி வரிசையாகப் பொத்தான்களை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். அறிந்தவன் அறியாதவனுக்குக் காதில் சொல்வான்; ஒரு காசு செலவில்லை. அந்த முப்பது உயிரை இக்காலத்தார் விடுவார்களா? கட்டுக் கட்டாக விலைபோட்டு விற்றிருப்பார்கள்.

பட்டணத்து ஆட்டக்கடைகளை நாம் புனிதமாக்கவில்லை. அங்கிருந்த பெட்டிகள் காசு தின்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஆயினும் 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ பெட்டியின் முன் தோட்டத்துப் பையனும் டவுக்கே மகனும் தோளுரசி நின்றால், இருவருக்கும் ஒரே காசு, ஒரே நெம்புகோல், ஒரே பலம். தோற்றவன் விலகுவான். யார் வீட்டுப் பிள்ளை என்று பெட்டி கேட்கவில்லை. வேறெங்கும் நம்மவருக்கு அந்த மரியாதை எளிதில் கிட்டியதில்லை.

அதே ஆட்டத்தில் இந்தியனுக்குக் கொடுத்த உருவத்தைப் பற்றி மட்டும் நமக்கு இன்றும் கோபம் உண்டு. தால்சிம் என்று பெயர். கழுத்தில் மண்டையோட்டு மாலை; வாயில் தீ; ரப்பராய் நீளும் கைகால்; பின்னால் யானைகள். ஜப்பானியருக்குத் தெரிந்த இந்தியா அவ்வளவுதான் போலும்! ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு அவனைக் கொண்டு ஆடத்தான் பிடிக்கும். எதிரியை எட்ட நிறுத்தியே அடிக்கும் வித்தை அவனிடம் உண்டு.

நிற்க. கணினிக்கடைகள் பெருகிய காலத்தில் ‘கவுண்ட்டர் ஸ்ட்ரைக்’ வந்தது. 1999இல் இரண்டு இளைஞர்கள் வேறோர் ஆட்டத்தின்மேல் ஒட்டுவேலையாகச் செய்தது. மறு ஆண்டு வால்வ் கம்பெனியார் அதைத் தமதாக்கி விற்றனர். துப்பாக்கி ஆட்டங்களுள் நமது முதல் மரியாதை இதற்கே. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவன் கணக்கிலும் 800 டாலர். ஒருவனுக்கும் கூடுதல் இல்லை. ஏ.டபிள்யூ.பி. என்னும் தொலைதூரத் துப்பாக்கிக்கு 4,750 டாலர் வேண்டும். அதை அவன் சுற்றுக்குச் சுற்று ஆடித்தான் ஈட்டவேண்டும். அப்பன் பையிலிருந்து எடுக்க முடியாது. கையும் கண்ணும் கூட்டாளியும் சேர்ந்தால் வெற்றி.

அந்த ஆட்டத்துக்கும் 2013இல் நோய் பிடித்தது. பூட்டிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதைத் திறக்கும் சாவியை விற்றனர். உள்ளே துப்பாக்கிக்குப் போர்த்தும் ‘ஸ்கின்’ இருக்கும். எது வரும் என்பது அதிர்ஷ்டம். அதனால் சூட்டின் வலிமை கூடுவதில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் போர்வைகளையே சூதாட்டக் காசாக வைத்துப் பந்தயம் நடத்தும் தளங்கள் முளைத்தன. 2016இல் வால்வ் கம்பெனியாரே அவற்றுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப நேர்ந்தது. தாமே விதைத்த முள்ளைத் தாமே மிதித்தார்கள்.

இனி, இப்பொழுது நம் பிள்ளைகள் ஆடுவதற்கு வருவோம். ‘பப்ஜி’யில் நூறுபேர் ஒரு தீவில் வெறுங்கையோடு குதிக்கின்றனர், கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கடைசி ஆள்வரை போராடுகின்றனர். ஏழை பணக்காரன் எல்லாரும் வெறுங்கையோடு இறங்குவது அதன் அழகு. குலுக்கலில் விற்கும் சட்டையும் தொப்பியும் அதன் அசிங்கம். 2017இல் வந்த சிங்கப்பூர் கரேனாவின் ‘ஃப்ரீ ஃபயர்’ ஐம்பது பேருக்கானது. விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடும்; பத்து நிமிடத்தில் முடியும். தோட்டத்துப் பிள்ளைகளிடம் அது பரவியதற்குக் காரணம் இதுவே. இதற்காக அதைப் பாராட்டுகிறோம். ஆனால் அதில் சில ஸ்கின்கள் துப்பாக்கியின் வலியையோ வேகத்தையோ கூட்டுகின்றன. இங்கேதான் நமக்கும் அதற்கும் வழக்கு. ஒருவன் தன் விரலால் சுடுகிறான். எதிரே நிற்பவன் தன் தகப்பன் பையால் சுடுகிறான். இதற்கு ஆட்டம் என்று பெயரா? வாளை ஒருவனுக்குத் தீட்டிக் கொடுத்து, மற்றவனுக்கு மழுக்கிக் கொடுத்துவிட்டு, வீரனைப் பார் என்று கைகொட்டுவதற்கு வேறு பெயர் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஆட்டத்தின் பெயர் வேண்டாம். தாய், செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். மகனுக்குப் பதினான்கு வயது. ஓரிரவில் அவர் கைப்பேசிப் பணப்பையிலிருந்து 180 வெள்ளி போயிற்று. 2025இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே இரவில் கரைந்தது. ஒரு சிவப்பு அங்கிக்காகத் திரும்பத் திரும்பக் குலுக்கினானாம்; அங்கி வரவில்லை. நாம் விளக்கிச் சொன்னபோது அந்தத் தாய், “விலை கொடுத்து வாங்கினான் என்றல்லவா நினைத்தேன்? பணம் கட்டியும் கொடுக்கமாட்டார்களா?” என்று கேட்டார். அவர் கண்டித்தது மகனை, அடித்தது கைப்பேசியை. குலுக்கியவனை அவருக்குத் தெரியாது.

நாலு நம்பர் கடையில் அந்தப் பையனை வாசலிலேயே தடுத்திருப்பார்கள். இந்தக் கடையோ அவன் தலையணைக்கடியில் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, சம்பள நாளில் கொடுத்த கூலியைப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வாங்கிய தந்திரத்தை நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடையை மூடுக என்பதும் ஒன்று. அவர்கள் பனையையும் தென்னையையும் வெட்டச் சொல்லவில்லை. கடையை மூடச் சொன்னார்கள். நம் பெரியவரோ கடையை விட்டுவிட்டு மரத்தை வெட்டக் கிளம்பியிருக்கிறார்.

பிற நாட்டார் உறங்கவில்லை. 2012இல் ஜப்பான், குலுக்கலில் கிடைக்கும் துண்டுகளைச் சேர்த்து முழுப் பரிசாக்கும் முறையைச் சட்டவிரோதம் என்றது. 2018இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம், சில ஆட்டங்களின் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டமே என்று தீர்மானித்தது. நம் நாட்டிலும் வேகம் இல்லாமலில்லை. 2017 செப்டம்பரில், புத்தரும் இயேசுவும் குத்துச்சண்டையிடும் ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்ற ஆட்டத்துக்காக, அதை விற்ற ஸ்டீம் கடை முழுவதையுமே அதிகாரிகள் தற்காலிகமாக அடைத்தார்கள். கடவுளரின் மானத்துக்கு இருந்த அவசரம், பழம் பொறுக்கும் தாயின் பணத்துக்கு இருந்ததாக நாம் கண்டதில்லை.

நல்ல ஆட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2019இல் வந்த ‘செகிரோ’வில் ஒற்றைக்கை வீரன் ஒருவன். எளிய வழி, கடிய வழி என்ற தேர்வு கிடையாது. காசுக்கு வலிமையும் கிடையாது. ஒரே எதிரியிடம் நாற்பது முறை செத்தோம். நாற்பத்தோராம் முறை அவன் வாள் வரும் நொடி நம் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பூனாக்காரர் செய்த ‘ராஜி’ 2020இல் வந்தது. தம்பியைத் தேடும் பெண்ணின் கதை, கண்ணுக்கு விருந்து, சண்டையோ சோற்றுக்கு உப்பில்லாதது போல. நம்மவர் செய்தது என்பதற்காகப் பொய் சொல்லமாட்டோம்.

தோட்ட இளைஞர் மன்றங்கள் பொங்கலுக்குக் கைப்பேசிப் போட்டி வைப்பதாயின், விலைக்கு வாங்கிய வலிமை செல்லாத ஆட்டத்தையே வைக்கட்டும். பெற்றோர், எத்தனைபேரைச் சுட்டாய் என்று மகனைக் கேட்பதோடு, எத்தனை முறை குலுக்கினாய் என்றும் கேட்கட்டும். பெரியவருக்கு நம் வீட்டில் ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. இக்கட்டுரைக்கு மறுப்பு எழுதுவோர், தாம் ஆடிய ஆட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.