சால்மனுக்கு எந்த நரம்பு? என் ஓட்டு நைலானுக்கு

போன செப்டம்பரில் சியாட்டில் பக்கம் ஒரு கூழாங்கல் கடற்கரையில், தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கோஹோ சால்மனைத் தொலைத்தேன். கைக்கெட்டும் தூரம் வரை வந்துவிட்டது. ஒரு புரளல், ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். "ஒரு மீன் போனதுக்கு ஒரு கட்டுரையா?" என்கிறான் அறைத்தோழன். ஆமாம், கட்டுரைதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஃப்ளை மீன்பிடிப்பில் இறகும் முடியும் வைத்துக் கட்டிய போலி இரைக்கு எடையே கிடையாது. அதை எறிய தடித்த, கனமான ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிற்றுக்கும் இரைக்கும் நடுவே ஓடும் கண்ணாடி நரம்புதான் லீடர். அதன் கடைசி மெல்லிய துண்டு டிப்பெட். நம்மூர்க் கடற்கரையில் தங்கூசி என்பார்களே, அதே சாமான். சண்டை எல்லாம் இந்தக் கடைசி மூன்று நான்கு அடி நைலானா, ஃப்ளோரோகார்பனா என்பதில்தான்.

கடைக்காரர் எனக்கு ஃப்ளோரோகார்பனை விற்றார். முப்பது மீட்டர்ச் சுருள், நைலானைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. "மீன் கண்ணுக்கே தெரியாது தம்பி" என்கிற தோரணையில் பேசினார். கணக்கைப் பார்ப்போம். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு சுமார் 1.42, நைலானுக்கு 1.53 பக்கம். தண்ணீருக்கு நெருக்கம் என்பது நிஜம். மாயமாகிவிடும் என்பது விளம்பரம். அதுவும் கோடையில் பாசி மிதந்து பச்சையாகக் கிடக்கும் பியூஜெட் சவுண்ட் தண்ணீரில், பளபளக்கும் கிளிப்பச்சை இரையைத் துரத்தி வருகிற கோஹோ நரம்பை ஆராய்ந்துவிட்டா கடிக்கப் போகிறது? கடலில் அது இன்னும் பசியோடு திரிகிற மீன். ஆற்றில் ஒரே இடத்தில் நின்று, மிதந்து வரும் பூச்சியை நிதானமாகப் பார்த்துத் தின்கிற டிரவுட்டின் பாடத்தை இங்கே கொண்டுவந்து ஒப்பிப்பதுதான் தப்பு.

இன்னொரு வாதம், அது சீக்கிரம் மூழ்கும் என்பது. அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14. சரி. ஆனால் என் இரைக்கு உலோகக் கண் வைத்திருக்கிறது, கயிறும் மெல்ல மூழ்கும் ரகம். நாலடி நரம்பு கூடுதலாக என்ன மூழ்கடிக்கும்? மேற்பரப்பில் தத்தும் இரை கட்டினால், இதே குணம் அதைக் கீழே இழுத்துத் தொல்லை கொடுக்கும்.

நிஜமான கோளாறு வேறு. விலை அதிகம் என்பதால் கஞ்சத்தனம் வந்துவிடுகிறது! அன்று காலையிலேயே நரம்பு பார்னக்கிள் ஒட்டிய பாறையில் உரசியது. விரலில் ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பு. "இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்" என்று விட்டேன். போதாக்குறைக்கு முடிச்சை நனைக்காமல் இறுக்கியிருந்தேன். காய்ந்த முடிச்சை இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். ஃப்ளோரோகார்பன் விறைப்பானது, இந்த விஷயத்தில் மன்னிக்கவே மன்னிக்காது. சுருட்டி எடுத்தபோது முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. முடிச்சு வழுக்கியதற்கு அதுவே சாட்சி.

மீன் போனது வருத்தமில்லை. முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் அந்தக் குட்டித் துடுப்பு முழுசாக இருந்ததைப் பார்த்தேன். பண்ணை மீனுக்கு அதை வெட்டி விடுவார்கள். முழுசாக இருந்தால் பெரும்பாலும் காட்டு மீன். விட்டிருப்பேன், ஆனால் வாயில் இரையோடு அல்ல. வாஷிங்டன் மாநிலக் கடலில் சால்மனுக்குப் பின்முள் இல்லாத தூண்டில்தான் சட்டம், அதனால் உதறிவிட்டிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் வீரம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. நரம்பு மெல்லியதாக இருந்தால் இழுத்தடிக்க வேண்டும், மீன் சோர்ந்து சாகும் நிலைக்குப் போகும், அப்புறம் "விட்டுட்டேன்" என்று பெருமை வேறு.

நான் இப்போது கட்டுவது: மேலே தடித்த துண்டு, கீழே 12 பவுண்ட் சாதா நைலான் மூன்றடி, மொத்தம் ஒன்பது அடிக்குள். அதற்கு மேல் தடிமனும் வேண்டாம். பாறையில் மாட்டினால் விலையுயர்ந்த கயிறு அறுவதற்கு முன் டிப்பெட் அறுந்தாக வேண்டும். ஒற்றைப்படை வருடங்களில் வரும் பிங்க் சால்மன் கூட்டம் தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில் மிரளும்போது மட்டும் லீடரை இரண்டடி நீட்டுவேன். பெரிய சுருள் மலிவு என்பதால் உரசியதும் வெட்டி எறிய மனசு வருகிறது. கடலில் அல்ல, பையில்! நைலான் ஈரத்தில் கொஞ்சம் பலம் குறையும், வெயிலில் நாள்பட நைந்துபோகும், அதனால் சீசனுக்குச் சீசன் புதிது. வெயில் ஃப்ளோரோகார்பனை அசைப்பதில்லை. அலமாரியில் இருக்கும்வரை அது நல்ல குணம். அறுந்து கடற்பாசியில் சிக்கிக் கிடந்தால்?

பார்னக்கிள் பாறைகளுக்கு நடுவே மட்டுமே பிடிப்பவர்கள் ஃப்ளோரோகார்பன் கட்டட்டும், உரசலுக்கு அது கொஞ்சம் தாங்கும் என்பதை மறுக்கவில்லை. என் சுருளில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குவதாக இருந்தால் :-)