மஞ்சக் கடுதாசியைக் கிழிக்காதீங்க பாஸ்!

செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சா? எனக்குக் கல்விக் கடன்லதான் ஓடுது. ஆனா கடன் வாங்காமலே படிச்சிருக்க வேண்டிய ஆள் நான். நடுவுல ஒரு கவர் வந்து கெடுத்துடுச்சு.

நான் ப்ளஸ் டூ முடிச்ச வருஷம். கவுன்சலிங் டென்ஷன்ல இருந்தப்போ தபால்காரர் வந்து அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு ஒரு தடிமனான கவரைக் கொடுத்தார். பிரிச்சுப் பார்த்த அப்பா அப்படியே திண்ணையில உட்கார்ந்துட்டார். அனுப்பினவர் நாகல்நகர் பக்கம் பூட்டுப் பட்டறை வெச்சிருந்த மாமா. சொந்தமெல்லாம் இல்லை, அப்பாவோட இருபது வருஷத் தோஸ்து. என் காலேஜுக்காகச் சேர்த்த ஒன்றரை லட்சத்தை அவருக்குத்தான் அப்பா கொடுத்து வெச்சிருந்தார்.

"எனக்கே மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்டா மாப்ள"ன்னு ஒரு வார்த்தை. கவர் பரண்மேல போச்சு. வீட்ல அந்த மாமா பேரைச் சொன்னாலே அப்பா சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவார்.

போன மாசம் பரண்ல பழைய டிராஃப்டர் தேடினப்போ அந்தக் கவர் கையில சிக்குச்சு. எஞ்சினியரிங் மூளை சும்மா இருக்குமா? முழுசாப் படிச்சேன். அப்பதான் புரிஞ்சது... நாங்க ரெண்டு வருஷமா தப்பாக் கோபப்பட்டிருக்கோம்.

மஞ்சள் எங்கேயும் இல்லை!

முதல்ல ஒரு உண்மை. மஞ்சக் கடுதாசி, ஐ.பி. போடுறது, திவால், நொடிச்சுப் போறது... எல்லாம் ஒரே மேட்டர்தான். ஐ.பி.ன்னா 'இன்சால்வென்சி பெட்டிஷன்'. சட்டத்தோட பேரு மாகாண நொடிப்புச் சட்டம், 1920. அதுல மஞ்சள்ங்கிற கலரே கிடையாது.

2016-ல புதுசா திவால் சட்டம் வந்துச்சேன்னு காமர்ஸ் மக்கள் கை தூக்குறது தெரியுது. கரெக்ட். ஆனா அது முக்கியமா கம்பெனிகளுக்கு. கம்பெனி கேஸ் என்.சி.எல்.டி. தீர்ப்பாயத்துக்குப் போகும். தனி ஆளுங்களுக்கான பகுதியில, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்னவங்களுக்கானது மட்டும்தான் 2019 டிசம்பர் 1-ல அமலுக்கு வந்துச்சு. திண்டுக்கல்ல ஒருத்தர் தன் பேர்ல வாங்கின கடனுக்கு நம்ம கொள்ளுத் தாத்தா காலத்துச் சட்டம்தான். எவ்வளவு பழசுன்னா, 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம்னு அதுல எழுதியிருக்கு!

கடன் காலியா?

ஹாஸ்டல்ல பத்துப் பேர்கிட்ட கேட்டேன். பத்துப் பேரும் சொன்ன பதில்: "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டா பைசா தர வேண்டாம் மச்சி!" தப்பு.

இனி கொடுக்க முடியாதுன்னு கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் விடுறது, சட்டத்தின் பார்வையில நொடிச்சதுக்கு ஒரு அடையாளம். அவ்வளவுதான். அதை வெச்சு மூணு மாசத்துக்குள்ள கடன் கொடுத்தவரே கோர்ட்டுக்குப் போகலாம். கடனாளியும் தானே மனு போடலாம். சென்னை நகரத்துக்குத் தனிச் சட்டம், ஹைகோர்ட்லயே நடக்கும். நம்ம பக்கம் சப்-கோர்ட்.

மனுவுல யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, தன்கிட்ட என்ன சொத்து இருக்குன்னு முழுப் பட்டியல் கொடுக்கணும். விசாரணை அன்னிக்குக் கடன் கொடுத்தவங்க அவரை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். மனு நியாயம்தான்னு தெரிஞ்சா, 'இவர் நொடித்தவர்'னு கோர்ட் அறிவிக்கும். அந்த நிமிஷமே அவர் சொத்து கோர்ட்டுக்கோ, ரிசீவருக்கோ போயிடும். அதை வித்து எல்லாருக்கும் பங்கு பிரிப்பாங்க. அடமானம் வாங்கின பேங்க் மட்டும் அந்தச் சொத்துல தன் உரிமையைத் தனியாக் காட்டலாம்.

எல்லாத்தையும் பிடுங்கிட மாட்டாங்க. உடுத்துற துணி, சமையல் பாத்திரம், கழட்டக் கூடாத தாலி, கைத்தொழில் செய்றவரோட கருவிகள் இதுக்கெல்லாம் விலக்கு உண்டு. மாமாவோட அரத்தையும் சுத்தியலையும் யாரும் தொட முடியாது. நல்ல விஷயம்!

கடைசிக் கட்டம் டிஸ்சார்ஜ். அதுக்குத் தனியா மனு போடணும். சூதாட்டம், ஊதாரிச் செலவு, கணக்கே எழுதாம வியாபாரம்... இதெல்லாம் தெரிஞ்சா முழு விடுதலை கிடைக்காது. மனு போடுறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல பெண்டாட்டி பேருக்கோ மச்சான் பேருக்கோ சும்மா எழுதி வெச்ச சொத்தையும் திரும்ப இழுக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும், தான் நொடிச்ச ஆள்னு சொல்லாம 50 ரூபாய் கடன் வாங்கினாலே ஆறு மாசம் வரை ஜெயில். டீயும் வடையும் வாங்குறதுக்குள்ள தாண்டிடும் பாஸ்! எம்.எல்.ஏ. ஆசையும் அதுவரை கட்.

ஆக, ஓடி ஒளியுறவர் இதைப் பண்ண மாட்டார். ராத்திரியோட ராத்திரியா லாரி ஏத்திட்டுப் போயிடுவார். கணக்கைக் கோர்ட் முன்னாடி விரிச்சுப் போடுறவர் வேற. அதுக்காக எல்லாரும் உத்தமர்னு சொல்லலை. 1906 அக்டோபர் 22-ல சென்னையில ஆர்பத்நாட் கம்பெனி திவாலானப்போ ஆயிரக்கணக்கான குடும்பங்களோட சேமிப்பு போச்சு. அதை நடத்தின சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு மோசடிக்காக 18 மாசம் ஜெயில். நொடிச்சதுக்கு இல்லை, ஏமாத்தினதுக்கு. அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் விசாரணையே.

எப்படித் தேடுறது?

கேஸ் எந்த நிலையில இருக்குன்னு பார்க்க வக்கீல் ஆபீஸ்ல காத்துக் கிடக்க வேண்டாம். இ-கோர்ட்ஸ் தளமோ ஆப்போ போதும். தமிழ்நாடு, திண்டுக்கல், கோர்ட் வளாகம்னு வரிசையா தேர்ந்தெடுங்க. கேஸ் நம்பர் இருந்தா ஐ.பி. வகையில நம்பரும் வருஷமும் போடுங்க. இல்லேன்னா பேரும் வருஷமும். நிலுவை, முடிஞ்சது ரெண்டையும் டிக் பண்ணுங்க. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்தான் வில்லன். சண்முகத்தை 'எஸ்'ல தேடிக் கிடைக்கலேன்னா 'எஸ்.ஹெச்.' போட்டுப் பாருங்க. ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். நம்பர் உண்டு. அதைக் குறிச்சு வெச்சா அடுத்த தடவை ஒரே க்ளிக்!

ஆன்லைன்ல இல்லாத பழைய கேஸுக்கு, கோர்ட்ல நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கலாம். கேஸ்ல சம்பந்தப்படாதவர்னா எதுக்குன்னு காரணம் சொல்லணும். பேப்பர்ல ஓரமா பொடி எழுத்துல 'ஐ.பி. எண்... எதிர்மனுதாரர்கள்...'னு வருமே, சுண்டல் மடிக்கிற பக்கம்னு தள்ளிடாதீங்க. உங்க வீட்டுப் பேர் அதுல இருக்கலாம்.

பதினோராவது பேர்

எங்க கேஸைத் தட்டினேன். மாமாவை நொடித்தவர்னு அறிவிச்சாச்சு. எதிர்மனுதாரர் 11, அதாவது எங்க அப்பா, ஒருநாள்கூட ஆஜராகலைன்னு 'எக்ஸ்-பார்ட்டி'. கோபத்துல பரண்ல போட்டது யாருக்கு நஷ்டம்? எங்களுக்குத்தான். கடனை நிரூபிக்காதவருக்குப் பங்கு கிடையாது.

மனுவோட வந்த பட்டியலை மறுபடி படிச்சேன். மொத்தம் 23 பேர். முதல் அஞ்சு பேரும் தண்டல், மீட்டர் வட்டிப் பார்ட்டிங்க. 2003-லயே கந்துவட்டியைத் தடை பண்ணித் தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, மூணு வருஷம் வரை ஜெயில்னு எழுதியும் இருக்கு. மாமாவுக்கு அது தெரியுமான்னு தெரியலை. சொத்துப் பட்டியல் நாலே வரி. டிரில்லிங் மெஷின், பழைய ஸ்கூட்டர், பூர்வீக வீட்டில் பங்கு, விக்காம கிடக்கிற மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்தவர் அவர்.

அப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. "மீட்டர் வட்டிக்காரனுக்குக் கொடுக்கத்தான் என்கிட்ட வாங்கினானா..."ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் எழுந்து போய் பீரோவுல இருந்த புரோநோட்டை எடுத்தார்.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் கடனை நிரூபிக்கலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. போன வாரம் பிரமாணப் பத்திரம் கொடுத்துட்டு வந்தோம். ரூபாய்க்குப் பத்துப் பைசா தேறினாலே அதிகம். அங்க பெஞ்சுல மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா அவர்கிட்ட பேசலை. வெளியே வந்ததும் என்கிட்ட, "ரொம்ப இளைச்சுட்டான்ல?"ன்னார். ரெண்டு வருஷத்துல திட்டு இல்லாம அவரைப் பத்தி வந்த முதல் வார்த்தை அது.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு. நண்பனோட பைக் லோனுக்கு "சும்மா ஒரு கையெழுத்துடா"ன்னு கேட்டா யோசிங்க. கடன் வாங்கினவருக்கு டிஸ்சார்ஜ் கிடைச்சாலும், ஜாமீன் போட்டவருக்கு அந்த விடுதலை கிடையாதுன்னு அதே 1920 சட்டத்துல தெளிவா இருக்கு. என் கல்விக் கடன் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். என் பேருக்குக் கீழே கூட்டுக் கடனாளியா ஒரு கையெழுத்து.

எங்க அப்பாவோடது. இந்த செமஸ்டர் அரியர் வைக்க மாட்டேன் மக்களே! அடுத்த வாரம் பார்ப்போம்.