காலுக்கு வடக்கே ஒரு எறும்பு

எங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள்: கீழவீதி, மேலவீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி. தேர் ஓடுகிற ஊர்கள் பலவற்றிலும் இப்படித்தான். இந்த வாரம் பழைய பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நீல நிறத்தில் புதிது நட்டிருக்கிறார்கள். கோயில் வீதி 1, 2, 3, 4. அடியில் ஒரு கியூஆர் கட்டம். ஃபோனைக் காட்டினால் அது வழி சொல்லுமாம். என்னவென்று சொல்லும்? 'இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்.' ஃபோனுக்குள் இருந்து வழி சொல்லும் அந்த அம்மணிக்கும் எனக்கும் உள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழைய கதை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நான் திரும்பி நின்றால் இடது வலதாகிவிடும். வடக்கு வீதி யாருக்காகவும் நகராது.

பலகைக்கு டெண்டர் எடுத்தது யார், எவ்வளவுக்கு என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். அதற்குள் மொழியியலாளர் டாய்ச்சர் நினைவுக்கு வந்துவிட்டார். 'மறுபடியுமா?' என்று கடிதம் எழுத வேண்டாம். கய் டாய்ச்சரின் 'த்ரூ த லாங்குவேஜ் கிளாஸ்' 2010இல் வந்தது. நான் இரவல் கொடுக்காத சில புத்தகங்களில் ஒன்று. மொழிதான் சிந்தனைக்குச் சிறை என்று பேசிய பெஞ்சமின் லீ வோர்ஃபை (தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த மனிதர்) அதில் வெளுத்து வாங்கியிருப்பார். வாங்கிவிட்டு, ஆனாலும் விஷயம் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போகிற இடம் ஆஸ்திரேலியா.

குவீன்ஸ்லாந்தின் வடக்கில் கூகு யிமிதிர் என்றொரு மொழி. 1770இல் கேப்டன் குக்கின் கப்பல் பவளப் பாறையில் மோதி, பழுது பார்க்க ஆற்று முகத்தில் ஒதுங்கியபோது அவர் கண்ட மக்கள் பேசியது. அதில் பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல இடது, வலது, முன்னால், பின்னால் உதவாது. எல்லாமே திசை. உன் காலுக்கு வடக்கே எறும்பு போகிறது, பார்த்து நில் என்பார்கள். டிவியில் ஒருவன் நம்மை நோக்கி நடந்து வந்தால், பெட்டி எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறதோ அந்தத் திசையில் வருகிறான் என்பார்கள்.

அங்கே ஒரு பெரியவர் தன் இளமையில் நடந்த படகு விபத்தை விவரிப்பதை ஜான் ஹேவிலண்ட் என்ற மொழி ஆய்வாளர் 1980இல் படம்பிடித்தார். அங்கிருந்த கிறிஸ்தவ மிஷனுக்குச் சொந்தமான படகு புயலில் கவிழ்ந்து, சுறாக்கள் உலவும் கடலில் மைல் கணக்கில் நீந்திக் கரையேறிய கதை. இரண்டு வருடம் கழித்து ஸ்டீஃபன் லெவின்சனும் அதே கதையை அதே வாயால் சொல்லக் கேட்டுப் படம்பிடித்தார். முதல் தடவை பெரியவர் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்ததைக் காட்டக் கையை உடம்பிலிருந்து முன்னோக்கி உருட்டினார். அடுத்த தடவை வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் உருண்டது. அதாவது இரண்டு முறையும் கிழக்கிலிருந்து மேற்கே. படகு அப்படித்தான் கவிழ்ந்திருந்தது. (உயிர் பிழைத்து வந்தவர்களைப் பார்த்த சந்தோஷத்தைவிட, படகு போன வருத்தம்தான் மிஷன் பாதிரியாருக்குப் பெரிதாக இருந்ததாம். நிர்வாகம் என்றால் எங்கும் நிர்வாகம்தான்.)

இவர்கள் தலைக்குள் காந்த ஊசி ஒன்றும் இல்லை. எறும்பைப் பற்றிப் பேசவும் திசை வேண்டும் என்று மொழி கேட்கிறது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து குழந்தை சூரியனையும் காற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். பெரியவனாகும்போது கணக்குப் போடாமலே திசை வந்துவிடுகிறது. மொழி அல்ல, வாழும் இடம்தான் காரணம் என்று வாதாடுகிற அறிஞர்களும் உண்டு. வாதாடட்டும். இடமும் பேச்சும் அவ்வளவு சுலபமாகத் தனித்தனியே பிரிந்து வருமா என்பது என் சந்தேகம்.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. எரிக் பெடர்சன் தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்து 1993இல் எழுதியிருக்கிறார். மேஜையில் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, இன்னொரு மேஜையில் அதே மாதிரி வைக்கச் சொல்வது இந்த ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கமான சோதனை. மேஜைமேல் இருப்பதைக்கூடத் திசை வைத்துப் பேசும் கிராமத்துத் தமிழர்கள் பெரும்பாலும் கிழக்கே பார்த்த பொம்மையைக் கிழக்கே பார்த்தே வைத்தார்கள். இடது வலது பேசும் நகரத்துத் தமிழர்கள் தங்களோடு சேர்த்துப் பொம்மையையும் திருப்பிவிட்டார்கள். 'செத்த கிழக்கால தள்ளி உக்காருடா' என்று பந்தியில் அதட்டும் பெரியம்மாக்களிடம் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஊர் மாறினால் என்ன ஆகும்? பாலித் தீவில் மலை இருக்கும் பக்கமும் கடல் இருக்கும் பக்கமும்தான் முக்கியத் திசைகள். 1930களில் அங்கே வாழ்ந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ, நடனத்தில் கெட்டிக்காரனான சம்பி என்ற சிறுவனை வேறு கிராமத்தில் ஒரு வாத்தியாரிடம் விட்டுவந்தார். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பையன் வாடிக் கிடக்கிறான், வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். கிழக்கே மூன்று அடி வை என்கிறார் அவர். புது ஊரில் கிழக்கு எது என்று பையனுக்குப் பிடிபடவில்லை. வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

சம்பி ஒருவன். கூகு யிமிதிர் பேசிய மிஷன் கிராமத்தையோ 1942இல் மொத்தமாகப் பெயர்த்துவிட்டார்கள். நடத்திய பாதிரியார் ஜெர்மானியர், நடந்துகொண்டிருந்தது உலகப் போர், அவ்வளவுதான் குற்றம். அவரைக் காவலில் வைத்தது ராணுவம். கடற்கரை மக்களை வெகுதூரம் தெற்கே, கடலே இல்லாத வூராபிண்டாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். குளிரிலும் நோயிலும் பலர் செத்துப்போனார்கள். 1949இல்தான் திரும்ப முடிந்தது. அதுவும் கடலோரத்துப் பழைய இடத்துக்கு இல்லை. உள்ளே தள்ளி, ஹோப் வேல் என்ற புது ஊருக்கு. இவ்வளவுக்கும் பிறகு, 1980இல், அந்த ஹோப் வேலில் உட்கார்ந்துதான் பெரியவர் படகைச் சரியாக மேற்கே கவிழ்த்தார். இப்போது அங்கே இளையவர்கள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். திசைப் பேச்சு அவர்களிடம் தளர்ந்துவருவதாக டாய்ச்சரே எழுதியிருக்கிறார்.