பேரப்பிள்ளைக்கு எந்தக் கையுறை?

நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்காபரோக் கடைகளில் பிள்ளைகளின் கையுறைகள் குவிந்துவிடும். மூன்று டொலருக்கும் இருக்கும், முப்பது டொலருக்கும் இருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நின்று பார்த்து வாங்க நேரமில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவர்கள் நாங்கள். ஆகவே இந்த விஷயத்தில் எங்களுக்கும் ஒரு சொல் உண்டு.

என் அபிப்பிராயம் இதுதான். சின்னப் பிள்ளைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம். நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிற்றன்ஸ் வாங்குங்கள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். நாலு வயதுப் பிள்ளை தானாகவே மாட்டிக்கொள்ளும். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வெளியே அனுப்பவேண்டிய பாலர் வகுப்பு ஆசிரியைக்கும் அது பெரிய உதவி.

ஊரில் மார்கழிப் பனிக்கு ஒரு துவாயைத் தலையில் சுற்றினால் போதும். இங்கே அப்படியில்லை. எங்களில் பலர் கம்பளியின் தடிப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் பிள்ளை சும்மா நிற்குமா? ஸ்னோவை அள்ளும், உருட்டும். கைச்சூட்டில் அது உருகிக் கம்பளியில் ஊறிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த கம்பளிக்குள் இருக்கும் விரல் விறைத்துப்போக அதிக நேரம் வேண்டாம். அம்மம்மா ஆசையாகப் பின்னியது கோயிலுக்குப் போக நல்லது. ஸ்னோவில் விளையாட அல்ல.

லேபலில் 'வோட்டர் ரெசிஸ்டன்ட்' என்றிருந்தால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். 'வோட்டர்புரூவ்' என்றிருக்கவேண்டும். நம்பிக்கை இல்லையா? உள்ளே ஒரு டிஷ்யூவை வைத்து, வெளிப்பக்கத்தை மட்டும் இரண்டு நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். தையலில் ஒழுகினால் டிஷ்யூ காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் சில. இறுக்கமாக இருக்கக்கூடாது; உள்ளே இருக்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே நீண்டு, ஜக்கெற் கையோடு சேர்ந்து மூடவேண்டும். கழுத்தைச் சுற்றிப் போகும் கயிறு வேண்டாம். சறுக்குமரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கிளிப் போதும்.

"எப்படியும் தொலைத்துவிடுவான், மலிவானதே போதும்" என்பார்கள். பெயரை அழியாத மையால் எழுதிவிடுங்கள். ஒன்று நனைந்தால் மாற்றிப்போட, பையில் இன்னொரு சோடி வையுங்கள். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று இங்குள்ள வானிலைத் திணைக்களமே எச்சரிக்கிறது. அந்த நாளில் மூன்று டொலர்க் கையுறை லாபமில்லை.

இந்த முறை பிறந்தநாளுக்கோ நத்தாருக்கோ இன்னொரு விளையாட்டுச் சாமான் வாங்க யோசிக்கிறீர்களா? இரண்டு சோடி நல்ல மிற்றன்ஸ் வாங்கிக் கொடுங்கள். பிள்ளை முகத்தைச் சுளிக்கும். பரவாயில்லை, கை சூடாக இருக்கும்.