கோபுரத்தை எண்ணிப் பாருங்கள்!



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிகளுக்கு, பி.எட்., படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் பயிற்சிக்கு வருவார்கள். பாடம் நடத்திக்கொண்டே கற்பவர்கள் அவர்கள். 2018 முதல் நம் பாடநூல்களில் வரும் க்யூ.ஆர்., கோடு மூலம் வீடியோ காட்டவும், இணையத்தில் தகவல் தேடவும் பழகுகிறார்கள்.

இணையம் நல்ல உதவியாளர்தான். ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தின் உயரத்தைத் தேடுங்கள். வலைதளத்துக்கு வலைதளம் ஓரிரு அடி மாறும்! நிலைகள் 11 என்பதையோ, நேரில் நின்று நாமே எண்ணிவிடலாம்.

தவறான எண் ஒன்று கரும்பலகைக்கு வந்தால், வகுப்பிலுள்ள எல்லா நோட்டிலும் ஏறிவிடுமே! எனவே, சந்தேகம் வந்தால், 'இதை எப்படிச் சரிபார்ப்பது?' என்று பணிவோடு கேளுங்கள். அந்தக் கேள்வி அவர்களை நல்ல ஆசிரியராக்கும். உங்களை நல்ல மாணவராக்கும்.

கேட்பீர்கள்தானே?